இருபத்து மூன்று பூஜ்யங்கள்

வண்டி அக்கா வருகிறாள் என்பதை அவளுக்கு முன்னாலேயே அவளுடைய வண்டி சொல்லிவிடும். இடது பக்க முன்சக்கரம் கீச்சிடும். எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சக்கரத்தையே மாற்றிப் பார்த்தார்கள், சத்தம் போகவில்லை. எங்கள் நாலாவது மாடி வார்டில் எட்டுக் கட்டில்கள். எட்டுப் பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டால் மணி பன்னிரண்டரை, மதியச் சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அங்கே கொசு என்று பேர். ரத்தம் எடுப்பது என் வேலை, ஆளும் ஒல்லி, அதனால் யாரோ ஒரு நர்ஸ் வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரோடு திரிகிறவனுக்கு அடுத்தவனுக்கு ஒன்று வைக்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. அக்கா பருத்த உடம்பு. முன்னால் உயரமான தட்டு வண்டி, பின்னால் அவள். நான் அவளுக்கு ‘டபுள் டெக்கர்’ என்று வைத்தேன். வார்டே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது.

அவள் இருபத்தேழு வயதில் தரை துடைக்கிற வேலைக்கு வந்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர், படுத்த படுக்கையாக மாமியார். காலை நாலு மணிக்கு எழுந்து எல்லாருக்கும் சமைத்து, மாமியாரைத் துடைத்து உடை மாற்றி, ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். படுக்கப் பதினொன்று ஆகும். தரை துடைத்தவளைச் சமையலறைக்கு மாற்றியபோதுதான் அவளுடைய கையின் திறமை தெரிந்தது. ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து, “இருநூத்தி இருவது” என்பாள். தராசில் வைத்தால் இருநூற்றுப் பதினெட்டு காட்டும்.

அதனால்தான் எங்கள் வார்டுக்கு அவளைக் கேட்டு வாங்கினார்கள். எங்கள் வார்டு ஓர் ஆராய்ச்சி வார்டு. பெரிய நோயிலிருந்து எழுந்து, உடம்பு வற்றிப்போனவர்களுக்குப் பசி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது. மதியச் சாப்பாடுதான் கணக்கு. எட்டுப் பேருக்கும் ஒரே அளவு: வறுத்த ரொட்டி, வேகவைத்த கோழித்துண்டு, கேரட், ஒரு ஆப்பிள், தெளிந்த சூப். தட்டு போகும்போது ஒரு எடை, திரும்பி வரும்போது ஒரு எடை. இரண்டாவது எடைதான் ‘மிச்சம்’. அதை எழுத ஒரு நோட்டு. அக்கா அந்த நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே பூ மாதிரி எழுத்தில் வார்டு எண்ணை எழுதி வைத்திருந்தாள். வாழ்க்கையில் அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் நோட்டு அது.

என் வேலை அதற்கு இரண்டு பக்கமும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு குழாய் ரத்தம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு குழாய். எடுத்த உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும்.

அந்த ரத்தத்தில் தேடுவது கிரெலின் என்கிற ஒன்றை. வயிற்றின் மேல்பகுதியில் சுரந்து, ரத்தத்தில் இறங்கி, மூளைக்குப் போய் “சோறு போடு” என்று சொல்கிற சமாச்சாரம். வார்டில் நாங்கள் அதைப் பசித் தபால் என்போம். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கத் தபால் குவியும். நீங்கள் தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதைக்கூட அது படித்து வைத்திருக்கும். சாப்பிட்டதும் சத்து குடலுக்கு இறங்கி, ரத்தத்தில் இன்சுலின் ஏற, தபால் குறையும். அதை ஏமாற்ற முடியாது. இரண்டு சொம்பு தண்ணீரைக் குடித்து வயிற்றை ரொப்பினாலும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. எடை குறைந்தவனை உடம்பு பாராட்டுவதில்லை. ஐயோ, ஆள் இளைக்கிறானே என்று பதறி, முன்பைவிட அதிகமாகத் தபால் போடும். தூக்கம் குறைந்தால் அதற்கு மேலும் போடும்.

இதையெல்லாம் பெரிய டாக்டரம்மா எங்களுக்கு இரண்டு தடவை பாடம் எடுத்திருந்தார். நான் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில், நோயாளிகளை நிறுக்கிற மெஷினில் நாங்கள் ஒவ்வொருவராக ஏறி விளையாடினோம். அக்கா மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்து ஏற்றினோம். எண்ணைப் படித்தது நான். “தொண்ணூத்தி ஒண்ணு! மெஷினுக்கு லீவு குடுங்கப்பா” என்று வார்டுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அக்கா அதற்கும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் வேலை நேரத்தில் சாப்பிடுவது பால் இல்லாத டீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றானது. நாலு மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கினாள். சீருடை தொளதொளத்தது. கை தட்டினோம். “டபுள் டெக்கர் மாடியைக் கழட்டிருச்சு” என்று நான் சொன்னதற்கு நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினோரு மணிக்கு மேல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பசித் தபாலைப் பற்றி எல்லாம் தெரிந்த நான் பார்த்துவிட்டு, என் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இனி வருவது அக்கா பின்னால் டாக்டரம்மாவிடம் சொன்னது. நானும் அப்போது அங்கே நின்றேன்.

முதலில் அவள் மிச்சத்தை நிறுத்து எழுதிய பிறகு, குப்பைக்குப் போகிறதிலிருந்து ஒரு துண்டு ரொட்டி எடுத்துத் தின்றாள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சமையலறை மேஸ்திரி ஒருநாள் பார்த்துவிட்டார். அவளைத் திட்டவில்லை. மறுநாள் தராசுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தார். வாளியில் பினாயில் கலந்த தண்ணீர். நிறுத்த கையோடு மிச்சத்தை அதில் கொட்டிவிட வேண்டும், அவர் கண்ணெதிரில். ஆக, நிறுத்த பிறகு ஒரு பருக்கை கிடைக்காது. நிறுப்பதற்கு முன்னால்தான் உண்டு.

அப்போதுதான் டைலர் ஐயா வந்து சேர்ந்தார். நுரையீரல் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர், எலும்பும் தோலுமாக இருந்தார். அறுபத்தைந்து வயது. எப்போதும் கைக்குட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். இருமலுக்காக என்று நினைத்தோம். காலையும் மாலையும் பாலில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுவார். மதியத் தட்டில் முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் சாப்பிட்டார். மூன்றாம் நாளிலிருந்து சூப்பை மட்டும் குடித்துவிட்டு, தட்டைத் தள்ளி, “எடுத்துக்கிட்டுப் போம்மா” என்பார்.

நாலாவது மாடியிலிருந்து அடித்தளச் சமையலறைக்குச் சாமான் லிஃப்ட். கதவு மூடித் திறக்க நாற்பது வினாடி. உள்ளே அக்காவும் வண்டியும் மட்டும். அந்த நாற்பது வினாடியில் கோழித்துண்டு, ரொட்டி, கேரட் எல்லாம் போய்விடும். ஆப்பிள் சீருடைப் பைக்குள் போகும். “மென்னு கூட முழுங்கல டாக்டரம்மா. அப்படியே உள்ள தள்ளுவேன். கதவு தொறக்கறதுக்குள்ள வாயைத் தொடச்சுக்குவேன். முதல் நாள் பாதிதான் எடுக்கணும்னு நெனச்சேன். கை நிக்கல.”

கீழே தராசில் வைத்தால் காலித் தட்டு. மிச்சம்: பூஜ்யம். மேஸ்திரி பார்த்துத் தலையாட்டுவார். மெஷின் காட்டியதைத்தானே எழுதுகிறேன், பொய்யா எழுதுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளாம். டைலர் ஐயாவுக்கும் நல்ல பேர். முழுத் தட்டும் சாப்பிடுகிற ஒரே நோயாளி. ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுப்பார். அவர் கைக்குட்டைக்குப் பின்னால் ஏதோ முனகுவார்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கூட முடிவுகள் வந்தன. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜையில் டைலர் ஐயாவின் காகிதம்.

“சாப்பாட்டுக்கு முன்னாடியும் ஒசரம், பின்னாடியும் அதே ஒசரம். ஒருநாள் இல்ல, முதல் ரெண்டு நாள் போக எல்லா நாளும். நிஜத்தைச் சொல்லு. ரெண்டு குழாயையும் ஒரே நேரத்துல எடுத்துட்டு, லேபிளை மட்டும் மாத்தி ஒட்டினியா?”

எனக்குக் காது சுட்டது. “இல்ல மேடம்” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. காரணம் இருந்தது. டைலர் ஐயா விஷயத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் ஆறு மாதம் முன்னால், ஆறாம் கட்டில் பாட்டியம்மாவுக்கு ஒருநாள் அதையேதான் செய்தேன். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் எடுத்து, லேபிளில் நேரத்தை மாற்றி எழுதினேன். ஒரே ஒரு நாள். யாருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து வேறொரு ஆளை வைத்து டைலர் ஐயாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு அதே. டாக்டரம்மா என்னிடம், “சாரிப்பா, உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். நான் பெரிய மனது பண்ணுவது போலத் தலையாட்டினேன்.

என் மேல் தப்பில்லை என்றானதும் தப்பு டைலர் ஐயா வயிற்றின் மேல் விழுந்தது. நோட்டில் முழுச் சாப்பாடு, மெஷினில் எடை இரண்டரை கிலோ குறைவு, ரத்தத்தில் அடங்காத பசி. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றின் மேல்பக்கம் ஏதோ நிழல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஒன்று. கட்டியாக இருக்கலாம், அதுதான் ஓயாமல் சுரக்கிறதோ என்னவோ, திறந்து பார்த்துவிடுவோம் என்றார் அறுவை டாக்டர். வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். மகன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை. அக்கா வண்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லையே.

“அக்கா, நம்ம டைலர் வயிறு ஒரு அதிசயம் தெரியுமா? எவ்வளவு போட்டாலும் சாப்பிடாத மாதிரியே ரத்தம் சொல்லுது. வியாழக்கிழமை வயித்தைக் கிழிச்சுப் பாக்கப் போறாங்க.”

அக்கா கையிலிருந்த கரண்டிக் கட்டு தரையில் சிதறியது.

“ரத்தத்துல தெரியுமா தம்பி? ஒருத்தர் சாப்பிட்டாரா இல்லையான்னு?”

“பின்ன? அதுக்குத்தானே கொசு இங்க சம்பளம் வாங்குது.”

அவள் குனிந்து ஒவ்வொரு கரண்டியாகப் பொறுக்கினாள். வெகுநேரம் நிமிரவில்லை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விசில் அடித்துக்கொண்டு போனேன்.

புதன்கிழமை காலை ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டரம்மா அறைக்குத் திரும்பினார். ஐஸ் பெட்டிக்குக் கையெழுத்து வாங்க நான் பின்னால் போனேன். அறை வாசலில் அக்கா நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்ததைத் தானே தோண்டி எடுத்துக் கொண்டுவந்து வைத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நகரப் பார்த்தேன். “நீயும் இரு தம்பி. உன் மேல பழி வந்துச்சே, நீயும் கேளு” என்றாள்.

நின்றபடி சொன்னாள். வாளி, லிஃப்ட், நாற்பது வினாடி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அழவும் இல்லை. கடைசியில்தான் குரல் உடைந்தது.

“நேத்து காலையில இந்தத் தம்பி சொல்லிடுச்சு. ஐயா வயித்தைக் கிழிக்கப் போறாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் நேத்து மத்தியானம் லிஃப்ட்ல சாப்பிட்டேன் டாக்டரம்மா. இன்னிக்கு ஒருநாள், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு சாப்பிட்டேன். அந்தக் கோழி தொண்டையில எறங்கும்போது நான் மனுஷியான்னு இருந்துச்சு. ஆனா எறங்குச்சு.”

டாக்டரம்மாவின் முகம் முதலில் கறுத்தது. ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வாயெடுத்தவர், அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தொளதொளத்த சீருடையைப் பார்த்தார். எத்தனை கிலோ குறைத்தாய், எவ்வளவு நாளில், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார். அக்கா சொன்னாள். ஏன் குறைத்தாய் என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“உடம்பு பெருசா இருந்துச்சு. அதான்” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

டாக்டரம்மா பசித் தபாலை அவளுக்கும் சொன்னார். இவ்வளவு வேகமாக எடை இறங்கினால், இவ்வளவு குறைவாகத் தூங்கினால், யாருடைய உடம்பும் இப்படித்தான் கத்தும் என்றார். “உன் ரத்தத்தை எடுத்துப் பாத்தா இந்த வார்டுல எல்லாரையும்விட உனக்குத்தான் ஜாஸ்தி இருக்கும். அந்தப் பசி பேராசை இல்லம்மா. அது உன் தப்பும் இல்ல.”

அக்கா நோட்டை மேஜையில் வைத்துத் திறந்தாள்.

“பசி என் தப்பு இல்லைன்னு சொல்றீங்க. சரி. பூஜ்யம் போட்டது எந்தச் சுரப்பு டாக்டரம்மா? என் கைதானே?”

டாக்டரம்மா அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். போனை எடுத்து அறுவை டாக்டரிடம் வியாழக்கிழமையை ரத்து செய்யச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நேராக டைலர் ஐயா கட்டிலுக்குப் போனார்.

“ஐயா, பசிக்குதா?”

“பசிக்குதும்மா. எப்பவும் பசிக்குது.”

“அப்புறம் ஏன் சாப்பிடல?”

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலை குனிந்தாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. கைக்குட்டையை மெல்ல எடுத்தார். வாய் குழிந்து உள்ளே போயிருந்தது. ஒரு பல் இல்லை.

“ரெண்டாம் நாளு சாப்பிட்டு முடிச்சு பல் செட்டைக் கழட்டிக் காகிதத்துல சுத்தித் தட்டுல வச்சேன். தட்டோட போயிடுச்சு. மகன் ஆசையா கட்டிக் குடுத்தது. இந்த வயசுல பல்லைத் தொலைச்சுட்டேன்னு வாயைத் தொறந்து எப்படிம்மா சொல்றது? தட்டு காலியா போகுதுன்னு நீங்க தோளைத் தட்டிக் குடுத்தீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” அக்காவைக் காட்டி, “இந்தப் பாப்பா உதட்டோரத்துல ஒருநாள் ரொட்டித் தூள் இருந்துச்சு. எனக்குத் தெரியும். யாருக்காவது ஆகட்டுமேன்னு இருந்தேன்” என்றார்.

“அந்தக் காகிதத்தை நான்தான் ஐயா வாளியில போட்டேன்” என்றாள் அக்கா. “குப்பைன்னு நெனச்சேன்.” அப்போதுதான் அழுதாள்.

டைலர் ஐயாவுக்குக் கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. நிழல் நிழலாகவே இருந்தது. மறுநாள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கோழியை மசித்து, கேரட்டை வேகவைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நான் ரத்தம் எடுத்தேன். எண் சரசரவென்று இறங்கியிருந்தது. அந்த வார்டில் இத்தனை நாளும் கூச்சப்படாமல் நிஜத்தைச் சொன்னது அது ஒன்றுதான்.

அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி, பிறகு துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். தராசும் நோட்டும் வேறு ஆளுக்குப் போயின. போகிற அன்றைக்கு அவள் நோட்டை ஒருதடவை கேட்டு வாங்கினாள். டைலர் ஐயா பக்கத்தைத் திறந்தாள். அவர் நிஜமாகச் சாப்பிட்ட முதல் இரண்டு நாள் போக, இருபத்து மூன்று பூஜ்யங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே பூ மாதிரி எழுத்தில், ‘இது நான் சாப்பிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்து மூன்று தடவை. ஒரே கோடாக அடித்து ஒரு தடவை எழுதினால் போதும் என்று மேஸ்திரி சொன்னார். அவள் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்தது. டபுள் டெக்கர் பற்றி, மெஷின் மேல் நின்றவளைப் பார்த்துக் கத்தியதைப் பற்றி. “அக்கா, நான் உங்களை...” என்று ஆரம்பித்தேன்.

“விடு தம்பி” என்றாள், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ சொன்னது பேச்சு. பேச்சு காத்தோட போயிடும். எழுதினதுதான் நிக்கும்.”

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். நோட்டை மூடி, உறையைத் துடைத்து, மேஜையில் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் சில நாள் மதியம் துணிக்கூடையோடு அவளைப் படிக்கட்டில் பார்ப்பேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்து சாப்பிடுவாள், மெதுவாக, மென்று. “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்பாள். “ஆச்சுக்கா” என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிவிடுவேன். ஆறாம் கட்டில் பாட்டியம்மா எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். நான் லேபிள் மாற்றிய அந்த ஒருநாள் எண் மட்டும் இன்னும் ஆராய்ச்சிப் பதிவில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சரியான எண்ணாகவே இருக்கிறது. அதன் பக்கத்தில் எழுத எனக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும். பேனா என் சட்டைப் பையில் தினமும் இருக்கிறது.